முப்பத்திரண்டாவது இழுப்பறை

இல்லம்மா, அந்தப் பொண்ணோட அறிக்கைக்கு நீங்க இருபதுக்குப் பதினெட்டு போட்டது எனக்குத் தெரியும். நான் சைபர் போட்டதும் தெரியும், நானேதானே போட்டேன், சிவப்பு மையில வட்டம் கட்டி. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல வண்டுப் பெட்டி இருக்கு. இதுல உக்காருங்க. மூக்கைப் பொத்த வேண்டியதில்ல, இது அந்துருண்டை வாசனை. முப்பது வருஷமா மோந்துக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. பிள்ளைங்களுக்கு வேலை தேடித் தர்ற உங்க தொழில்வழி மையத்துல எலுமிச்சை வாசனை வரும், சுவர் பூரா மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும், நாற்காலி சுத்தும். இங்க நாற்காலி சுத்தாது. உங்க படிவத்தைப் படிச்சா தலைதான் சுத்தும்.

தெரியும், தெரியும். நாலு மணிக்குள்ள மார்க் பட்டியல் போயாகணும். அது கட்டாயப் பகுதி, அதுல சைபர் வாங்கினா அந்தப் பொண்ணு பாடத்துலயே தேறாது. தேறலைன்னா துறைமுகத்துத் தானியச் சோதனை நிலையத்துல அவளுக்குக் குடுத்த இடம் இன்னைக்கே வேற ஆளுக்குப் போயிடும். நீங்க போன்ல சொன்னீங்க, அப்புறம் மெயில்ல சொன்னீங்க, இப்ப மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றீங்க. மூணு தடவ சொன்னா சைபர் பதினெட்டாகாதும்மா. சட்டம் இருக்கு. பாடம் நடத்தறவர் ஒரு கையெழுத்து, உங்க மையம் ஒரு கையெழுத்து. ரெண்டு மார்க்குக்கும் நடுவுல அஞ்சுக்கு மேல வித்தியாசம் வந்தா ரெண்டு பேரும் ஒரே அறையில உக்காந்து பேசித் தீர்க்கணும். யார் எழுதின சட்டம் அது? நீங்கதானே. அப்ப உக்காந்து பேசுங்க. மணி ரெண்டேகால்தான் ஆகுது.

உங்க முதல் கூட்டம் ஞாபகம் இருக்கா? எல்லாத் துறைத் தலைவர்களையும் வட்டமா உக்கார வெச்சீங்க, சின்னப் பிள்ளைங்க கதை கேக்கற மாதிரி. ஆளுக்கு ஒரு மஞ்சள் காகிதம். உங்க பாடம் மாணவருக்கு என்ன திறன் தருது, ஒரே சொல்லுல எழுதுங்கன்னீங்க. கணக்குக்காரர் பேனாவை மூடி வெச்சுட்டு யோசிச்சு யோசிச்சு, கூட்டல்னு எழுதினார். சரித்திரக்காரர் தலைமைப் பண்புன்னு எழுதினார், அந்த மனுஷன் தலைமை வகிச்ச கமிட்டி எதுவும் ரெண்டாவது தடவ கூடினதே இல்ல. நான் பொறுமைன்னு எழுதினேன். நீங்க கை தட்டினீங்க. நான் எழுதினது மாணவங்களுக்கு இல்லம்மா. அன்னைக்கு அந்த அறையில எனக்குத் தேவைப்பட்டது அது.

அப்புறம் என் பூச்சியியல் பாடத்துக்குள்ள கை வெச்சீங்க. பதினஞ்சு வாரப் பாடம், அதுல நாலு வாரம் உங்களுக்கு. துறையும் மையமும் கைகோத்து நடத்தறதாம். வண்டோட காலை எண்ணினா நுணுக்கமான கவனம் வளருதுன்னு பாடத்திட்டத்துல எழுதச் சொன்னீங்க. வண்டோட காலை எண்ணினா வண்டோட காலை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஏழாவது வாரம் என் வகுப்புல வேலைக்கு ஒத்திகைன்னு ஒரு பொய் நேர்காணல் வெச்சீங்க. கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தணும்னு ஒரு படம் போட்டுக் காட்டினீங்க. பின்வரிசையில நான் உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பையன் அவனோட கையை அவனே குலுக்கிப் பழகிட்டு இருந்தான்.

சிரிக்காதீங்க, நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

ஒரு கதை சொல்றேன், கேளுங்க. மண்கூடு கட்டற குளவி இருக்கே, அது சேத்தை உருட்டி உருட்டி ஒரு அறை கட்டும். உள்ள புழுக்களைக் கொட்டி மயக்கி அடுக்கும், ஒரு முட்டை வெக்கும், அப்புறம் வாசலை மெழுகி மூடும். படிச்ச காலத்துல நான் ஒரு காரியம் பண்ணினேன். அது சேறு எடுக்கப் போன நேரமாப் பாத்து இடுக்கிய விட்டு உள்ள இருந்ததை எல்லாம் எடுத்துட்டேன், முட்டையையும் சேத்து. திரும்பி வந்துச்சு. தலையை உள்ள விட்டுப் பாத்துச்சு. எதுவும் இல்லைன்னு அதுக்குத் தெரியாம இருக்காது. ஆனா அடுத்த வேலை மூடறது, அதனால மூடுச்சு. அவ்வளவு அழகா, விரல் வெச்சுத் தடவினா மேடு பள்ளம் தெரியாது. உள்ள ஒண்ணுமே இல்ல. உங்க படிவத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளவிதான் கண்ணு முன்னால வரும். எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்கு, மெழுகி மூடியாச்சு, முட்டை எங்கன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல.

என்ன பிழைன்னு சொல்றேன், அவசரப்படாதீங்க. சைபருக்குப் பக்கத்துல எழுதியிருக்கேனே, தகவல் பிழைன்னு. அது சும்மா எழுதினது இல்ல. எங்க தொழிலைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சண்டை போடுங்க. இந்த ஊசியப் பாருங்க. மேல வண்டு, கீழ குட்டிச் சீட்டு. சீட்டுல மூணு விஷயம். எங்க பிடிச்சது, எந்தத் தேதியில பிடிச்சது, யார் பிடிச்சது. அந்த மூணும் சரியா இருந்தா நூறு வருஷம் கழிச்சும் இது ஒரு சாட்சி. மூணுல ஒண்ணு தப்பா இருந்தா வண்டு எவ்வளவு அழகா இருந்தாலும் குப்பைதான். முக்கால் உண்மைன்னு எங்க கிட்ட ஒண்ணு கிடையாது. உங்களுக்கு முக்கால் இருந்தாலே பதினெட்டு போட்டுடுவீங்க.

சரி, அந்த வேலைய நீங்கதான் குடுத்தீங்க. இந்தத் துறையில படிச்சு வெளிய போன ஒருத்தரைப் பாத்துப் பேசு, அவர் என்ன வேலை செய்யறார், இங்க படிச்சது அங்க எப்படி உதவுது, பத்துப் பக்கம் எழுது, இருபது மார்க். ஆளைத் தேட முடியாத சோம்பேறிங்களுக்கு நீங்களே ஒரு பட்டியலும் குடுத்தீங்க. முப்பத்தேழு பிள்ளைங்க அந்தப் பட்டியல்ல இருந்துதான் ஆளை எடுத்தாங்க. எல்லா அறிக்கையும் ஒரே சோறு, ஒரே குழம்பு. ஒரு வங்கி அதிகாரி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மருந்துக் கம்பெனியில ஒரு மேலாளர். பேராசிரியருக்கு நன்றி, கடின உழைப்பு, நேர மேலாண்மை. அந்த முப்பத்தேழுக்கும் நான் பதினஞ்சு, பதினாறுன்னு போட்டுத் தள்ளினேன். நீங்களும் போட்டீங்க. அங்க நமக்குள்ள சண்டையே வரல.

இந்தப் பொண்ணு பட்டியலைத் தொடல. அதை நான் ஒத்துக்கறேன், அவளுக்குக் கண்ணு இருக்கு. தன்னோட ஆளை அவ எப்படிக் கண்டுபிடிச்சான்னு படிச்சீங்கல்ல? சரியாப் படிச்சீங்களா, இல்ல கட்டத்தை மட்டும் நிரப்பினீங்களா? மூணு மாசமா அவ இந்த இழுப்பறைகளைத்தான் ஒழுங்கு பண்ணிட்டு இருந்தா. முப்பத்தொரு இழுப்பறை. அத்தனை சீட்டும் ஒரே கையெழுத்து, கடுகு கடுகா, ஏழுக்கு நடுவுல ஒரு கோடு. ஒரு நாள் கட்டடத்துக்குக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வந்துச்சு. அடிச்சுட்டு வழக்கம்போல கதவு இடுக்குல ஒரு சீட்டு செருகிட்டுப் போனார். எங்க அடிச்சது, எந்தத் தேதியில அடிச்சது, யார் அடிச்சது. கரப்பான்னு எழுதாம அதோட ரெண்டு சொல் அறிவியல் பேரைப் பிழையில்லாம எழுதியிருந்தார். கடுகு கடுகா எழுத்து. ஏழுக்கு நடுவுல கோடு. இவ சீட்டைக் கொண்டுவந்து இழுப்பறைக் கண்ணாடி மேல வெச்சுப் பாத்திருக்கா, அப்புறம் மாடிப்படியில ஓடிப் போய் அவரைப் பிடிச்சிருக்கா.

என் பதினோரு வாரத்துல அவ கத்துக்கிட்டது அது. உங்க நாலு வாரத்துல இல்ல. வேலையக் குடுத்தது நீங்கதான், சரி, அதுவும் இருக்கட்டும். அதுக்காகப் புன்னகைக்க வேணாம்.

என்னது? வெக்கமா? எனக்கா? என் மாணவர் மருந்து தெளிப்பானைத் தோள்ல மாட்டிட்டுப் போறார், அதனால அறிக்கைக்குச் சைபர் போட்டேன்னு நினைக்கறீங்க. மையத்துல உக்காந்தா இப்படித்தான் புத்தி போகும். எந்த வேலையும் கேவலம் இல்லைன்னு சுவர் பூரா எழுதி ஒட்டியிருக்கறது நீங்க, ஆனா நீங்க குடுத்த பட்டியல்ல மருந்து அடிக்கிறவர் ஒருத்தர் பேராவது இருக்கா? வங்கி இருக்கு, கம்பெனி இருக்கு. பதிவேட்டுல இவர் பேரும் இருக்கே, முதல் வகுப்புல தேறினவர்னு. உங்க பட்டியலுக்கு மட்டும் வரல. ஏன் வரல? படம் எடுத்துப் போட்டா நல்லா இருக்காது. அப்படித்தானே? என்னைப் பாத்து வெக்கத்தைப் பத்திப் பேசாதீங்க.

என்னைத் திட்டியிருக்காரா? நீங்க நிஜமாவே படிக்கல. ஆறாம் பக்கத்தை எடுங்க. எடுங்கம்மா, உங்க கையிலதானே இருக்கு. எனக்கு மனப்பாடம், மூணு தடவ படிச்சிருக்கேன். என் பேராசிரியர் மாதிரி ஒரு ஆசான் கிடைக்கறது பாக்கியம்னு சொல்லியிருக்கார். சாகடிக்கிற பூச்சியோட பேரைத் தெரிஞ்சுக்காம சாகடிக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கார். மாசம் ஒரு வியாழக்கிழமை இந்தக் கட்டடத்துக்கு வரும்போது, யாரும் கேக்காமலே எல்லா இழுப்பறையிலயும் அந்துருண்டை மாத்தி வெச்சுட்டுப் போறாராம். ரெண்டு வருஷமா. ஒரு இழுப்பறை மட்டும் பூட்டியே இருக்குமாம். அதுல சார் எதோ அரிய வண்டு வெச்சிருப்பார்னு சொல்லிச் சிரிச்சாராம். சாரைப் பாத்தீங்களான்னு இவ கேட்டிருக்கா. நான் வர்ற நாள்ல சார் எப்பவும் நூலகத்துல இருப்பார், பெரிய ஆராய்ச்சி, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.

நூலகம். அங்க நான் பேப்பர் படிச்சுட்டு இருப்பேன்.

பதினாறு வருஷம் முன்னால அவன் இந்த மேசையிலதான் உக்காந்திருந்தான், நீங்க உக்காந்திருக்கற இடத்துல. அவன்தான், மருந்து அடிக்கிறவர்தான். நான் அவன்னு சொல்லித்தான் பழக்கம். இந்த வண்டுகளுக்கெல்லாம் ஒரு முழுப் பட்டியல் நூல் கொண்டுவரணும்னு நான் ஆரம்பிச்ச வேலை. சீட்டு எழுதினது அவன், கால் எண்ணினது அவன், படம் வரைஞ்சது அவன். பாதியில நிக்கும்போது ஒரு விளம்பரம் வந்துச்சு. தானியச் சோதனை நிலையத்துல பூச்சி அடையாளம் காண ஒரு ஆள் வேணும். ஆமா, அதே நிலையம். கப்பல்ல வர்ற கோதுமையில என்ன வண்டு இருக்குன்னு பாத்துச் சொல்ற வேலை. அவன் வீட்டுல அப்பா படுத்த படுக்கை, ரெண்டு தங்கச்சிங்க. நிரந்தரமான வேலை. என்கிட்ட வந்து கை கட்டி நின்னான். பரிந்துரைக் கடிதம் வேணும், அதைப் பேராசிரியரே முத்திரை வெச்சு நேரா நிலையத்துக்கு அனுப்பணும், விண்ணப்பிக்கிறவன் கையில குடுக்கக் கூடாது, அதுதான் அவங்க விதி.

நான் அவனுக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். அறிவுங்கறது மூட்டை தூக்கற இடத்துல விக்கற சரக்கு இல்லைன்னேன். வேலை வேலைன்னு அலையறவன் வேலைக்காரன் ஆவான், அறிஞன் ஆகமாட்டான்னேன். நல்லாத்தான் பேசினேன், எனக்கே புல்லரிச்சுது. அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, சரி சார், கடிதம் மட்டும் எழுதிக் குடுங்க சார்னான். எழுதினேன். இந்தத் துறையில இப்படி ஒரு கண்ணு இருபது வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும்னு எழுதினேன். பொய் இல்ல, ஒவ்வொரு சொல்லும் உண்மை. உறையில போட்டேன், ஓரம் தெரியாம ஒட்டினேன், முத்திரை வெச்சேன்.

வேலை கிடைக்கல. ஒரு வருஷம் கூட இருந்து பட்டியல் நூலை முடிச்சுக் குடுத்தான். அந்த அலமாரியில இருக்கு, நீல அட்டை, என் பேருதான் போட்டிருக்கும், முன்னுரையில அவனுக்கு ஒரு வரி நன்றி. அப்புறம் ஆராய்ச்சி இடம் எதுவும் வரல. நான் அன்னைக்கு அறிவைப் பத்தி அவ்வளவு பேசினேன், அறிஞனுக்கு மாசக் கடைசியில என்ன வழின்னு மட்டும் பேசல. அது என் வேலை இல்லைன்னு நினைச்சேன். இந்தக் கட்டடத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம், ரொம்பப் பெருமையா நினைச்சோம். இப்ப உங்களைப் பாத்துச் சிரிக்கறதும் அந்தப் பெருமையிலதான்.

ஆமா, அந்தப் பிழை. வர்றேன். கடைசிப் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. படிங்க. சத்தமாப் படிக்க வேணாம், மனசுக்குள்ள படிங்க போதும். பேராசிரியர் மிகச் சிறந்த கடிதம் எழுதி அனுப்பினார், ஆனாலும் எனக்குத் தகுதி போதாததால் அந்த வேலை கிடைக்கவில்லை. இருக்கா? அதுல எழுதின்னு இருக்கறது சரி. மிகச் சிறந்தங்கறதும் சரி. அனுப்பினார்ங்கறது தப்பு.

அவ மேல குத்தம் இல்ல. அவர் சொன்னதை அவ எழுதினா. அவர் மேலயும் இல்ல. பதினாறு வருஷமா நம்பினதை அவர் சொன்னார். தனக்குத் தகுதி போதாதுன்னு. நினைச்சுப் பாருங்க, மருந்து அடிக்கப் போற ஒவ்வொரு வீட்டு வாசல்லயும். இருக்கட்டும். தெரிஞ்சே பண்ணினது ஒரே ஆள்தான், அந்த ஆளுக்கு உங்க படிவத்துல கட்டம் இல்ல. அதான் கையில கிடைச்ச கட்டத்துல, ஒரு பொண்ணோட பேருக்கு நேரா சைபர் போட்டேன். அதே நிலையத்துக்குப் போற இன்னொரு ஆளையும் தடுக்கறேன்னு நீங்க இப்ப சொல்லப் போறீங்க. சொல்ல வேணாம், நேத்து சாயங்காலமே தெரிஞ்சுது. இன்னைக்கு நூலகத்துக்குப் போகாம இங்க உக்காந்திருக்கறது பின்ன எதுக்கு?

குடுங்க பட்டியலை. உங்க பதினெட்டே இருக்கட்டும். ரெண்டு மார்க் குறைச்சது சரிதான், எதுக்குக் குறைச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாட்டியும். இங்கயா கையெழுத்து? சைபரை அடிச்ச இடத்துலயும் ஒண்ணு போடணுமா? போட்டாச்சு. ரெண்டு கையெழுத்துச் சட்டத்தை நான் ரொம்ப நக்கல் பண்ணியிருக்கேன், இன்னமும் பண்ணுவேன், உங்க மஞ்சள் காகிதத்தை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா அந்தக் கடிதம் போச்சான்னு பதினாறு வருஷம் முன்னால கேக்கறதுக்கு இந்தக் கட்டடத்துல ரெண்டாவதா ஒரு ஆள் இல்லைம்மா. உங்களை மாதிரி மூச்சு வாங்க மாடி ஏறி வந்து உசிரை எடுக்கற ஆள்.

போறதுக்கு முன்னால ஒரு உதவி. இந்தாங்க சாவி. முப்பத்திரண்டாவது இழுப்பறை, கடைசி வரிசையில கீழ. எனக்குக் குனிஞ்சா முதுகு பிடிக்குது. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், இழுங்க. வண்டெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. ஒரே ஒரு உறை இருக்கும். எடுத்து மேசை மேல வைங்க. முத்திரை அப்படியே இருக்கு பாருங்க, அந்து அரிக்கல. சுத்தியிருக்கற இழுப்பறையில எல்லாம் அவர் மாத்தி மாத்தி வெச்ச உருண்டையோட புண்ணியம். ஊசியில குத்தியிருக்கற சீட்டா? அது எங்க பழக்கம், எதை உள்ள வெச்சாலும் சீட்டு எழுதாம வெக்க மாட்டோம். எங்க, எந்தத் தேதியில, யார். மூணும் சரியாத்தான் இருக்கு. பிடிச்சவர்னு இருக்கற இடத்துல என் பேரு.

பட்டியலை எடுத்துக்கிட்டீங்களா? கிளம்புங்க, நேரமாகுது. கீழ மருந்து வாசனை வருது பாருங்க, இன்னைக்கு வியாழக்கிழமை. கதவைச் சாத்த வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்.